ஊக்குமுனை வெளிச்சம்

மூன்றாவது முறையும் சொட்டு மருந்து விட்ட நர்ஸ், "நாப்பது நிமிஷம் கண்ணத் தொறக்கக் கூடாது பாப்பா. அப்பா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். கஸ்பார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஐந்து. ஒரு மனிதனை நாற்பது நிமிடம் சும்மா உட்கார வைக்கக் கூடாது, அதிலும் மனசில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவனை உட்கார வைக்கவே கூடாது. பக்கத்தில் அவனுடைய ஒன்பது வயது மகள் ஜெனிட்டா தலையைப் பின்னால் சாய்த்து, இமைகளை இறுக்க மூடி, வாயை மட்டும் லேசாகத் திறந்து உட்கார்ந்திருந்தாள். எரிச்சலில் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி விரிந்தன. கண்ணைச் சோதிக்கும் வேலையெல்லாம் சொட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. நல்ல கண்ணான வலதை மூடிவிட்டு, இடது கண்ணால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள் அந்தச் சோதனைப் பெண். ஜெனிட்டா முதல் வரியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைச் சொன்னாள், இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். பெண் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு எண்ணை எழுதினாள். மேஜைக்கு எதிர்ப்புறமிருந்து தலைகீழாகப் படிப்பது கஸ்பாருக்குப் பழக்கம். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய அதே எண். ஆக, ஆறு மாதமாகப் பார்வை ஒன்றும் ஏறவில்லை. இனிக் காத்திருக்க இருப்பது டாக்டர் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்விதான், அந்தக் கேள்வி என்னவென்றும் அவனுக்குத் தெரியும். போன தடவையே டாக்டரம்மா விரல் நீட்டிச் சொல்லிவிட்டார்: "தினம் ஆறு மணி நேரம் நல்ல கண்ண முழுசா மூடணும். ஆறு மாசம் முழுசா மூடியும் ஏறலன்னா, அப்புறம் கொழந்தைய வதைக்க வேண்டாம், நிறுத்திடலாம். நடுவுல எதாவது விட்டிருந்தீங்கன்னா மறைக்காம சொல்லிடுங்க, இன்னொரு ஆறு மாசம் குடுத்துப் பாக்கலாம். அதுக்கு மேல வயசு போயிடும்." மறைக்காம என்று அவர் சொன்னபோது அவன் எத்தனை வேகமாகத் தலையாட்டினான் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

"அப்பா, எரியுதுப்பா." "எரியும்ட்டி, கொஞ்சம் பொறுத்துக்க." "எவ்வளவு நேரம் ஆச்சு?" "அஞ்சு நிமிஷம்." ஆகியிருந்தது மூன்றுதான். அவளுக்கு வலிக்கிற இடத்திலெல்லாம் இரண்டு நிமிடத்தைத் தள்ளுபடி செய்து கொடுப்பது அவன் வழக்கம், அந்த வழக்கம்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. எதிர்வரிசையில் ஒரு பெரியவர், இரண்டு கண்ணிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே தன் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் இல்லாவிட்டால் வாய் அதிகம் வேலை செய்யும், மூளை சும்மா இருக்காது, காலியான அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடும் என்று அவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்து வசுந்தரா மேடம் சொல்லுவார். மேடம் சொன்னது, மேடம் சொன்னது. பதினான்கு வருடமாக அவன் காதில் விழுவதெல்லாம் மேடம் சொன்னதுதான். அவன் படித்தது பன்னிரண்டாவது. தூத்துக்குடியிலிருந்து வந்து அந்த ஆய்வுக்கூடத்தின் எலி வீட்டில் கூண்டு கழுவச் சேர்ந்தவன். ஒவ்வொரு ஆடியிலும் புதிதாக வரும் மாணவர்களுக்கு மேடம் அதே பாடத்தை நடத்த, அவன் அதே கூண்டுகளைக் கழுவ, பாடம் அவனுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. எலிக்குட்டி பிறந்த இருபத்தெட்டாம் நாள் ஒரு கண்ணின் இமைகளைத் தைத்து மூடிவிட வேண்டும். மூளையில் எல்லா செல்லும் ஒரே ரகம் இல்லை. கண் மூடிய மறுநாளே முதலில் தளர்வது அடக்குகிற செல்கள், அதாவது மற்றவற்றைச் சும்மா இரு என்று அதட்டி வைத்திருப்பவை. போலீஸ்காரர் டீ குடிக்கப் போன சிக்னல் மாதிரி, கொஞ்ச நேரம் எல்லாம் இஷ்டத்துக்கு ஓடும், அந்தக் குழப்பத்தில்தான் பழைய ஏற்பாடெல்லாம் மாறும். பிறகு, பார்க்கிற பெரிய செல்கள். அவை மூடிய கண்ணை இரண்டு மூன்று நாளில் கைவிட்டு, திறந்திருக்கும் கண் பக்கம் சாய்ந்துவிடும். அவற்றிலும் சில பிடிவாதக்காரர்கள் உண்டு, ஒன்றும் வரவில்லையே என்று தங்கள் சத்தத்தைத் தாங்களே கூட்டி வைத்துக்கொண்டு இன்னும் சில நாள் காத்துக் கிடப்பார்கள். கடைசியில் துப்புரவு செல்கள் வரும், யாரும் பயன்படுத்தாத இணைப்புகளை மென்று தின்றுவிட்டுப் போகும். இதெல்லாம் குட்டியில்தான். வயது ஏற ஏற அடக்குகிற செல்களைச் சுற்றி ஒரு வலை இறுகும், அதற்கப்புறம் எந்தக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் மூளை அசைந்து கொடுக்காது. கடலோரத்தில் பிறந்த கஸ்பாருக்கு வலை என்றால் விரிக்கலாம் மடிக்கலாம். இது அப்படி இல்லை என்பது புரியவே அவனுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஒருநாள் கூண்டுக்கு மரத்தூள் போட்டபடியே, சும்மா கேட்பதுபோல், "மனுசங்களுக்கு எத்தன வயசு வரைக்கும் மேடம்?" என்று கேட்டான். "ஏழு, எட்டு. சில பேருக்குப் பன்னண்டு வரைக்கும்கூட. கதவு ஒரேயடியா சாத்தாது கஸ்பார், கொஞ்சங் கொஞ்சமா சாத்தும்" என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கூண்டு கழுவ வந்தவன் இமை தைக்கவும் பழகி, பதினான்கு வருடத்தில் எத்தனை எலியின் கண்ணை மூடியிருப்பான், ஆயிரம் இருக்காதா. வீட்டில் பெற்ற பிள்ளையின் ஒரு கண்ணை ஒரு தடவை உள்ளங்கையால் மூடி, இது என்ன விரல் என்று கேட்டிருந்தால் போதும். இரண்டு வயதில் கேட்டிருக்கலாம், மூன்றில் கேட்டிருக்கலாம். டி.வி. பார்க்கும்போது அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பாள். அவனுடைய அக்காவும் சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பாள், அப்படியே அத்தை சாயல் என்று கொண்டாடினார்கள், போட்டோகூட எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். முட்டாள்கள். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது, அதிலாவது மாட்டியிருக்கலாம். வரிசையில் இவள் முப்பத்தோராவது ஆள். முன்னால் நின்ற முப்பது பிள்ளைகளும் பலகையைச் சத்தமாகப் படித்து முடித்தபோது, ஞானோபதேச வகுப்பில் நீள ஜெபத்தையும் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற இவளுக்கு ஏழு வரியும் பாடமாகிவிட்டது. வலது கண்ணை மூடினார்கள், மளமளவென்று ஒப்பித்தாள். நல்ல பார்வை என்று அட்டையில் எழுதி, ஒரு நட்சத்திரமும் ஒட்டிக் கொடுத்தார்கள். அதை அவன் மனைவி ரெஜினா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். எட்டரை வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏதோ பூச்சி கடித்து வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. நடுக்கூடத்தில் வந்து நின்று, "அப்பா, ஏன் லைட்ட அணைச்சிட்டீங்க?" என்றாள். அன்றைக்கு அவன் கையிலிருந்த சோற்றுப் பருக்கை காய்ந்துபோகிறவரை எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரெஜினாவுக்கு விளங்கவில்லை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மூளைதான் அந்தக் கண்ணை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டது என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கியபோது ரெஜினா அழுதாள், இவன் அழவில்லை. அந்தப் படத்தை அவன் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் ரெஜினா கோயில் கடையில் வெள்ளிக் கண் வாங்கி வந்து, கண்ணுக்குக் காவலான புனித லூசியம்மாளுக்குக் காணிக்கை வைத்தாள். ஒரு கண் போதுமே என்று கேட்டாளாம், ஜோடியாகத்தான் விற்போம் என்றானாம் கடைக்காரன்.

"அப்பா, பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?" "ஒரு ஆச்சி." "அவங்களும் மூடியிருக்காங்களா?" "ஆமா." "எல்லாரும் மூடியிருந்தா நல்லாருக்கும்லா." கஸ்பார் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பதினெட்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் ஒத்தக்கண்ணி. அதை வீட்டில் அவள் சொன்னது அவனிடம் மட்டும்தான், ஒரு சாயங்காலம், ரெஜினா இன்னும் தையல் கம்பெனியிலிருந்து வராத நேரத்தில். டாக்டரம்மா பேட்ச் என்று சொல்லும் ஒட்டுத்துணியை நல்ல கண்ணில் ஒட்ட ஆரம்பித்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டுப்பாட நோட்டின்மேல் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தாள். ஒட்டுத்துணியின் ஓரமெல்லாம் அழுது அழுது ஊறி உரிந்துகொண்டிருந்தது. "அப்பா, இருட்டா இல்லப்பா, இருட்டா இருந்தாக்கூடப் பரவால்ல. எல்லாம் அழுக்கா இருக்கு. எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கு" என்றாள். அன்று காலையில்தான் மாடிப்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு ஓட்ட போட்டுத் தாங்கப்பா. சின்ன ஓட்ட. ஜன்னல் மாதிரி." முடியாது என்றான். முடியவே முடியாது, அப்படிச் செய்தால் எல்லாம் வீண் என்றான். அவள் அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் நாலு திட்டு திட்டியிருப்பான், தப்பித்திருப்பான். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நோட்டில் குனிந்து, ஏழு என்ற எண்ணை ஒன்று என்று எழுதினாள். அவ்வளவுதான். ரெஜினா நைட்டியில் குத்தி வைக்கிற ஊக்கு கண்ணாடி அலமாரியில் கிடந்தது. எடுத்தான், புதிய ஒட்டுத்துணியின் நடுவில் ஒரு குத்து. ஊக்குமுனை அளவுதான். அதை ஒட்டியதும் அவள் நிமிர்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதியை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நாற்பது நாளில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தான். இன்றைக்கு மட்டும் என்று அவன் சொன்னான், சரி என்று அவளும் சொன்னாள். மறுநாள் காலை அவள் கேட்கவில்லை, அவனாகவே குத்தினான். அதற்கப்புறம் தினமும். ஒட்டுத்துணி ஒட்டுவது அவன் வேலை, உங்க கை பழகின கை என்று ரெஜினாதான் அதை அவனிடம் ஒப்படைத்தாள், ஒரு நாளும் அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்ததில்லை. நூற்று நாற்பது ஒட்டுத்துணி, நூற்று நாற்பது குத்து.

தெரியாமல் செய்தவனுக்கு ஒரு மன்னிப்பு உண்டு. இந்த ஊரில், இந்த நாட்டில், ஒரு ஊக்குமுனை வெளிச்சம் என்ன செய்யும் என்று கஸ்பாரைவிட நன்றாகத் தெரிந்த தகப்பன் எவனும் இருக்க மாட்டான். அவன் சம்பளம் வாங்குவதே அதற்காகத்தான். தினமும் காலை விளக்கடியில் ஒவ்வொரு எலியாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கி, தைத்த இமையில் எங்கேயாவது இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்ப்பான். ஊசிமுனை அளவு திறந்திருந்தாலும் அந்த எலி கழிவு. அதன் மூளையில் எந்த செல் எப்படி மாறியது என்பதை இனி நம்ப முடியாது, நோட்டில் சிவப்பு மையில் எழுதித் தள்ளிவிட வேண்டியதுதான். போன வருடம் மேக்னா என்ற மாணவி, மூன்று மாதம் ராப்பகலாக உழைத்தவள், இவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "அண்ணா, ரொம்பச் சின்னதுண்ணா, யாருக்குமே தெரியாதுண்ணா, எழுதாதீங்கண்ணா." "ஓட்ட ஓட்டதான் பாப்பா" என்று சொல்லி எழுதினான். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான், டீ ருசியாகவும் இருந்தது. கஸ்பார் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டையும் போகாது என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னபோது அவனுக்குக் கழுத்து நிமிர்ந்தது. அந்தக் கழுத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது. மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், நாலரை மாதமாக அங்கேயும் இதைச் சொல்லவில்லை. குடித்தேன் சாமி, கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி. என்ன பொய் என்று சாமியார் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ, அவருக்கும் பின்னால் நீள வரிசை. இப்போது அவள் தலைக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமலிருக்க அவனால் முடியவில்லை. அந்தக் குட்டி ஓட்டை வழியே நல்ல கண்ணுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும், இடது கண்ணுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் காத்திருந்த அந்தப் பிடிவாதக்கார செல்கள், சரி நமக்கு வேலை இல்லை என்று மறுபடி படுத்திருக்கும். துப்புரவு செல்கள் வந்திருக்கும். வந்து தின்னட்டும், தின்னட்டும், இவனையல்லவா தின்ன வேண்டும். பதினொன்று முப்பத்திரண்டு. சொல்லிவிட வேண்டும். சொன்னால் இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும், அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை, கதவு கொஞ்சங் கொஞ்சமாகத்தான் சாத்தும் என்றார் மேடம். சொன்னால் ரெஜினாவுக்குத் தெரியும். தெரியட்டும். சொன்னால் அந்த ஆறு மாதம் முழுக்க இவள் அந்த அழுக்கில் நடக்க வேண்டும், விழ வேண்டும், ஒத்தக்கண்ணி என்ற பேரைக் கேட்க வேண்டும். அதற்கப்புறமும் ஏறாவிட்டால்? அங்கே வந்துதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொண்டது. சொல்லி, அப்புறமும் ஏறாவிட்டால், அது அவன் குத்திய நூற்று நாற்பது ஓட்டையால் போன கண் என்று எழுத்தில் நின்றுவிடும். சொல்லாமல் விட்டால், மூளை இறுகிப்போய்ப் போன கண். யார் குற்றமும் இல்லை. இப்படி யோசிக்கிறவன் ஒரு தகப்பனா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். சொல்லிவிடுவதென்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் நெஞ்சு லேசானது, குடிக்கத் தண்ணீர்கூட வேண்டும்போல் இருந்தது, எழுந்து போவதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா விளக்கை அவள் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார், இரண்டையும் பார்த்தார், அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, தாளைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் மேடமும் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றுவார். "ஏறல" என்றார். "ஒரு வரிகூட ஏறல. பேட்ச் முழுசா மூடினீங்களா, தினமும் ஆறு மணி நேரம்? எதாவது விட்டுப்போச்சா? சொல்லுங்க, திட்ட மாட்டேன்." கஸ்பார் வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான், அதில் பொய் இல்லை. "முழுசா மூடினேன் டாக்டர்" என்றாள் ஜெனிட்டா. சொட்டு மருந்தில் கருவிழி விரிந்து, கண் ரெண்டும் கறுப்பாக இருந்தது. எந்தப் பக்கம் அப்பா இருக்கிறார் என்று கையால் தேடி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள்கூட விடல. அப்பாதான் ஒட்டி விடுவாங்க. நல்லா அழுத்தி ஒட்டி விடுவாங்க." தனக்காக ஒன்பது வயதுப் பிள்ளை, இவ்வளவு நேர்த்தியாக, எழுத்துப் பலகையை ஒப்பித்த அதே குரலில் ஒப்பிக்கிறாள். டாக்டரம்மா அவனைப் பார்த்தார். "அப்படியா, அப்பா?" அவர் கையில் பேனா இருந்தது. அறைக்கு வெளியே யாரோ இருமினார்கள். ஒரு வார்த்தைதான், இல்லை என்று ஒரு வார்த்தை. சுண்டுவிரலை அவள் இன்னும் இறுக்கினாள்.

"ஆமா டாக்டர்" என்றான் கஸ்பார்.

அவர் எழுதினார். மெல்லிய கையெழுத்து, தலைகீழாகவும் படிக்க முடிந்தது. முழு ஒத்துழைப்பு, முன்னேற்றம் இல்லை, நிறுத்தவும். "சில கொழந்தைங்களுக்கு இப்படித்தான், மூள சீக்கிரமே செட்டாயிடும். இனிமே பேட்ச் வேண்டாம். நல்ல கண்ணப் பத்திரமாப் பாத்துக்கோங்க, அடிபடாம, வெளையாடும்போது கண்ணாடி போட்டு விடுங்க" என்றார். அவன் நன்றி சொன்னான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. விரிந்த கண்ணோடு அந்த வெளிச்சத்தில் நிற்க முடியாமல் ஜெனிட்டா அவன் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், புதைத்தபடியே குதித்தாள். "இனிமே ஒட்டவே வேண்டாம்லாப்பா? நாளைக்கும் வேண்டாம்லா? ஸ்கூலுக்கும்?" "வேண்டாம்ட்டி." "நா சொல்லலப்பா, நீங்க பாத்தீங்கள்ல, நா ஒண்ணுமே சொல்லல." "பாத்தேன்." அப்போது போன் அடித்தது. ரெஜினா, சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும், பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் இல்லை. "என்னங்க, என்ன சொன்னாங்க?" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது. "ஏறலியாம். மூள இறுகிப் போச்சாம். இனி ஒட்ட வேண்டாம்னுட்டாங்க" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் அழுகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுக்காகக் குரலைச் சரிசெய்துகொண்டு ரெஜினா பேசினாள். "நீங்க மனச விட்டுறாதீங்க. ஆறு மாசமா ஒரு நா தவறாம உங்க கையாலதான் ஒட்டி விட்டீங்க. அதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்வான், சொல்லுங்க. பிள்ளைய வெயில்ல நிக்க வைக்காம கூட்டிட்டு வாங்க."

"ம்" என்றான் கஸ்பார்.